எது உண்மையான 78 செட்?

அன்புள்ள ஐயா,

சாத்தூர் வட்டாரத்தில் ஒரு சின்ன ஊர் எனக்கு. அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் ஊர்ப் பள்ளிக்கு முன்னாள் மாணவர்கள் சேர்ந்து ஒரு மலர் வெளியிடுகிறோம். பள்ளியின் வரலாற்றை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்துவிட்டது. தலைமையாசிரியர்கள் பட்டியல், முதல் மதிப்பெண் எடுத்தவர்கள், டாக்டர், என்ஜினீயர் ஆனவர்கள், கட்டடம் கட்டிக் கொடுத்தவர்கள் எல்லாரையும் சேர்த்துவிட்டேன். படித்துப் பார்த்தால் கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கிறது.

இன்னொரு தலைவலியும் உண்டு. நான் 1978இல் பதினோராம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி. முடித்தேன். அதே வருடம் பத்தாம் வகுப்பு முடித்தவர்களும் தங்களை "78 செட்" என்கிறார்கள். பள்ளியில் பிளஸ் டூ வந்தது பல வருடம் கழித்துத்தான். யார் உண்மையான 78 செட், யாருடைய குரூப் போட்டோ முன்னால் வர வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் பெரிய சண்டை. சந்திப்புக்குத் தலைக்கு இரண்டாயிரம் ரூபாய் வைத்திருக்கிறோம். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு பேரும் 78 செட்தான். கோபத்தை அரசாங்கத்தின் மேல் காட்டுங்கள்.

நீங்கள் படித்தது பழைய முறை. பள்ளியில் பதினோரு வருடம், கல்லூரியில் ஒரு வருடம் பி.யூ.சி. என்ற புகுமுக வகுப்பு, அப்புறம் மூன்று வருடப் பட்டப்படிப்பு. கோத்தாரி கமிஷன் என்ற மத்திய அரசின் கல்விக்குழு 1966இல் சொன்ன பத்து, இரண்டு, மூன்று (பத்தாவது வரை பள்ளி, பிளஸ் டூ, பட்டப்படிப்பு) என்ற கணக்கு தமிழ்நாட்டுக்கு வந்து சேர 1978 ஆகிவிட்டது. அந்த ஒரு வருடம் மட்டும் ஒரே பள்ளியில் இருந்து இரண்டு வகுப்புகள் சேர்ந்தாற்போல வெளியே வந்தன. நீங்கள் கடைசிப் பதினொன்று, அவர்கள் முதல் பத்து. உங்களில் மேலே படித்தவர்களுக்குக் கடைசி பி.யூ.சி. கிடைத்தது. அவர்களில் மேலே படித்தவர்கள் 1980இல் முதல் பிளஸ் டூ தேர்வு எழுதினார்கள்.

இந்தச் சண்டைக்குச் சரியான சாட்சி ஒருவர் இருப்பார், தேடுங்கள். 1977இல் உங்களோடு பத்தாவது படித்துப் பெயிலானவர். அடுத்த வருடம் மறுபடி பத்தாவதில் உட்கார்ந்தார், அது புதிய பத்தாவது. ஒன்றாம் வகுப்பில் இருந்து உங்கள் கூட்டாளி, பள்ளியை விட்டுப் போனது அவர்களோடு. அவரை எந்தப் போட்டோவில் சேர்ப்பீர்கள்? அவரை வாட்ஸ்அப் குழுவுக்கு அட்மின் ஆக்கிவிடலாம் என்பது என் யோசனை.

சண்டை கிடக்கட்டும். அந்த மாற்றம் உங்கள் ஊரில் என்ன செய்தது என்பதை மலரில் விரிவாக எழுதுங்கள். 1978இல் எல்லா உயர்நிலைப்பள்ளியும் மேல்நிலைப்பள்ளி ஆகிவிடவில்லை, உங்களுடையதும் ஆகவில்லை. அதற்கு முந்தைய வருடம் வரை ஊருக்குள்ளேயே பதினொன்று வரை படிக்க முடிந்தது. புதிய முறையில் பத்தோடு ஊர்ப் பள்ளி முடிந்துவிட்டது. பதினொன்று வேண்டுமானால் சாத்தூருக்கோ கோவில்பட்டிக்கோ பஸ் ஏற வேண்டும். பதினைந்து வயதுப் பெண்ணைத் தினமும் பஸ்ஸில் அனுப்ப எத்தனை வீடுகள் சம்மதித்திருக்கும்? மாணவர்களுக்குப் பள்ளியில் ஒரு வருடம் கூடுதலாகக் கொடுப்பதாகச் சொன்ன திட்டம், மேல்நிலைப்பள்ளி இல்லாத ஊர்களில் ஒரு வருடத்தைப் பிடுங்கிக்கொண்டது. முதல் பத்தாவது செட்டில் இருந்த பெண்களிடம் பேசிப் பாருங்கள். அவர்கள் சொல்வது அந்தப் பட்டியல்கள் எல்லாவற்றையும்விட உங்கள் பள்ளியின் வரலாறு.

உங்கள் செட்டின் கதை கொஞ்சம் வேறு. நீங்கள் ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்தது 1967 ஜூன் வாக்கில் இருக்கும். அண்ணா முதலமைச்சராகிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. மாநிலத்தின் பெயர் இன்னும் மெட்ராஸ். தமிழ்நாடு ஆனது 1969 ஜனவரியில். அதற்கு ஒரு வருடம் முன்பே இருமொழிக் கொள்கை வந்துவிட்டதால் பள்ளியில் இந்தி படிக்காமலே வளர்ந்தவர்கள் நீங்கள். மதியச் சாப்பாடு காமராஜர் 1956இல் பக்கத்து எட்டயபுரத்தில் தொடங்கி வைத்த திட்டம். ஆனால் தட்டில் விழுந்தது பெரும்பாலும் அமெரிக்காவின் கேர் நிறுவனம் அனுப்பிய கோதுமையும் பால்பொடியும். எம்.ஜி.ஆரின் சத்துணவு 1982இல் வந்தபோது நீங்கள் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டையும் தாண்டியிருப்பீர்கள். 1980 நவம்பரில் கர்ணம் (ஊர்க் கணக்கர்), மணியம் (ஊர்த் தலைவர்) பதவிகளை ஒழித்து, கிராம நிர்வாக அலுவலர் என்று புதிய வேலை வந்தது. எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் கையில் இருந்த கிராமத்துப் பையன்களுக்கு அது பெரிய வாசல். உங்கள் செட்டில் யாராவது அந்த வாசல் வழியாகப் போயிருந்தால் அவர் பெயர் டாக்டர்களின் பெயருக்கு மேலே வரட்டும்.

பள்ளி எப்படி எழுந்தது என்பதற்கு நன்கொடைக் கல்வெட்டு மட்டும் போதாது. 1958இல் கடம்பத்தூரில் தொடங்கி, அன்றைய பொதுக்கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடத்தினார். பணக்காரர் நிலம் கொடுத்தார். மற்றவர்கள் பெஞ்சு, கடிகாரம், கரும்பலகை, குடிதண்ணீர்ப் பானை என்று கொண்டுவந்து இறக்கினார்கள். பழைய பெஞ்சுகள் இன்னும் கிடந்தால் புரட்டிப் பாருங்கள். பெயின்டில் எழுதிய பெயர் ஒன்றிரண்டு தப்பியிருக்கலாம்.

இனி உங்கள் கடிதத்தில் இல்லாத மூன்றாவது செட்டுக்கு வருகிறேன். கல்யாணப் பத்திரிகை மாதிரி இருப்பதற்குக் காரணம் அதுதான், முடித்தவர்களை மட்டும் எழுதுகிறீர்கள். தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்கி, சேர்க்கைப் பதிவேட்டில் 1972, 1973 ஜூன் மாதப் பக்கங்களைப் பாருங்கள். உங்கள் இரண்டு செட்டும் ஆறாம் வகுப்பில் சேர்ந்த பக்கங்கள் அவை. பள்ளிக்கூடம் தூக்கிப் போடவே கூடாத பதிவேடு என்பதால் அநேகமாகப் பத்திரமாக இருக்கும். அதில் உள்ள பெயர்களையும் குரூப் போட்டோவில் உள்ள தலைகளையும் எண்ணிப் பாருங்கள்.

பதிவேட்டில் பள்ளியை விட்ட தேதிக்கு ஒரு கட்டமும் காரணத்துக்கு ஒரு கட்டமும் இருக்கும். காரணக் கட்டத்தை நம்பாதீர்கள். "பெற்றோர் விருப்பம்", "நீண்ட நாள் வரவில்லை" என்று எழுதி மூடியிருப்பார்கள். உங்கள் பகுதியில் உண்மையான காரணம் விடியும் முன்னே ஊருக்குள் வந்து ஹாரன் அடித்த தீப்பெட்டி ஆபீஸ் (தொழிற்சாலை) வண்டி. மானாவாரிக் காட்டில் பருத்தி பொய்த்த வருடத்தில் வீட்டுக்கு ஒரு பிள்ளையாவது அதில் ஏறியிருக்கும். தீக்குச்சிகளைக் கட்டையில் அடுக்கவும் லேபிள் ஒட்டவும் சின்ன விரல்கள் தேவைப்பட்டன, அதிலும் பெண்பிள்ளைகளின் விரல்கள். குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் வந்தது 1986இல். உங்களோடு ஆறாம் வகுப்பில் உட்கார்ந்தவர்களுக்கு அதற்குள் கல்யாணமாகி அவர்களுடைய பிள்ளைகளே பள்ளிக்கூட வயதுக்கு வந்திருப்பார்கள்.

பாதியில் போனவர்களை எப்படிப் பள்ளியின் கணக்கில் சேர்ப்பது என்று குழுவில் யாராவது கேட்டால், விருதுநகரைக் காட்டுங்கள். ஊர்க்காரர்கள் வீடு வீடாகப் பிடியரிசி திரட்டி வளர்த்த பள்ளி அங்கே சத்திரிய வித்யாசாலா. அந்தப் பள்ளி பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் மாணவர் காமராஜர். அப்பா இறந்து, குடும்பம் நொடித்து, ஆறாம் வகுப்போடு மாமாவின் ஜவுளிக்கடைக்குப் போனவர். படிப்பை முடித்தவர்களின் குரூப் போட்டோவில் அவர் இல்லை. அதனால் அவர் அந்தப் பள்ளி மாணவர் இல்லை என்று யாரும் சொல்வதில்லையே. காமராஜருக்குக் கொடுக்கிற சலுகையைத் தீப்பெட்டி ஆபீசுக்குப் போன அக்காவுக்கும் கொடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. பதிவேட்டில் சாதி இருக்கும், பிறந்த தேதி இருக்கும், அப்பாவின் தொழில் இருக்கும். அதை அப்படியே படமெடுத்து அச்சில் போட்டுவிடாதீர்கள். எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் எந்த வகுப்பில் நின்றார்கள் என்ற கணக்கை மட்டும் போடுங்கள். பெயரும் கதையும் வேண்டுமானால் வீட்டுக்குப் போய், சம்மதம் கேட்டு எழுதுங்கள். பிறந்த தேதிகளைப் பார்த்துச் சிரிக்கலாம், தப்பில்லை. பாதி ஊரும் மே, ஜூனில் பிறந்திருக்கும். நீங்கள் எந்தத் தேதியில் ஓய்வு பெற வேண்டும் என்பதை, உங்களை ஒன்றாம் வகுப்பில் சேர்த்த வாத்தியார் அன்றைக்கே முடிவு செய்திருப்பார்.

தலைக்கு இரண்டாயிரம் என்பதை எடுத்துவிடுங்கள். முடிந்தவர் கொடுக்கட்டும். அந்தத் தொகையைப் பார்த்ததுமே மூன்றாவது செட் வராது, வராததற்கு வேறு காரணமும் சொல்லும். சந்திப்பை ஞாயிற்றுக்கிழமை வையுங்கள், இன்னும் கூலி வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு நாள் கூலி போகாது. இரண்டு குரூப் போட்டோவையும் எதிரெதிர்ப் பக்கங்களில் போடுங்கள். பக்கம் போதவில்லை என்றால் அமைச்சரின் வாழ்த்துரையைச் சுருக்குங்கள்.