உளப்பகுப்பாய்வுப் பயிற்சி – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் மனநல மருத்துவர். மருந்து எழுதுவதில் எனக்குக் குழப்பமில்லை. ஆனால் மருந்துக்குப் பிறகும் அதே உறவுச் சிக்கலோடு, அதே துயரத்தோடு திரும்பத் திரும்ப வருகிறவர்களிடம் என்ன பேசுவது என்று தெரியாமல் நிற்கிறேன். அதனால் நானும் மருத்துவ உளவியலாளரான என் தோழியும் உளப்பகுப்பாய்வு (சைக்கோஅனாலிசிஸ், நமக்கே தெரியாமல் மனத்தில் இயங்குவதைப் பேச்சின் வழி அறியும் முறை) வழிச் சிகிச்சையில் முறையாகப் பயிற்சி எடுக்க நினைக்கிறோம். தேடினால் இரண்டு நாள் பட்டறையிலிருந்து ஐந்து வருடப் பயிற்சி வரை வருகிறது. எல்லாவற்றிலும் சான்றிதழ் உண்டு.

நீண்ட பயிற்சிகளில் நாங்களே நோயாளிபோலப் பகுப்பாய்வுக்குப் போக வேண்டும் என்கிறார்கள். அறுவை சிகிச்சை கற்பவர் தன்னை அறுத்துக்கொள்வதில்லையே? சூப்பர்விஷன் என்பது வார்டு ரவுண்டில் சீனியர் சொல்லித்தருவதிலிருந்து எப்படி வேறு? இப்போது என்னிடம் வரும் நோயாளிகளையே பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளலாமா? டாக்டர் அல்லாத தோழிக்கு இதில் இடமுண்டா? எந்தப் பயிற்சியைத் தேர்ந்தெடுப்பது?

பெயரை வெளியிட வேண்டாம்.

அன்புள்ள டாக்டர்,

சூப்பர்விஷனிலிருந்து தொடங்குகிறேன். எந்தப் பயிற்சியில் சேர்வதானாலும் முதலில் விசாரிக்க வேண்டியது அதைத்தான். விரிவுரை எங்கும் கிடைக்கும், புத்தகத்தை நீங்களே வாசித்துக்கொள்ளலாம். நோயாளியோடு நீங்கள் இருந்த 50 நிமிடத்தை அனுபவமுள்ள ஒருவர் வாக்கியம் வாக்கியமாகக் கேட்டு, உங்களோடு சேர்ந்து யோசிப்பதற்கு மாற்று கிடையாது.

வார்டு ரவுண்டில் நோயாளியைப் பற்றிப் பேசுகிறோம். நோய் என்ன, மருந்து எவ்வளவு, எப்போது வீட்டுக்கு அனுப்பலாம். சூப்பர்விஷனில் பேசப்படுவது அமர்வு. அவர் என்ன சொன்னார், அதற்கு நீங்கள் என்ன சொன்னீர்கள், அடுத்து அவர் எங்கே போனார். ஒரு வார விடுப்புக்குப் பிறகு நீங்கள் திரும்பி வருகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நோயாளி, "நீங்க லீவு போட்டதும் நல்லதாப் போச்சு, எனக்கும் வேலை இருந்தது" என்கிறார். நீங்கள் "தூக்கம் எப்படி இருக்கு?" என்று கேட்கிறீர்கள். சூப்பர்வைசர் அங்கே நிறுத்துவார். அந்த வாக்கியத்தில் கோபம் இருந்ததா, கைவிடப்பட்ட உணர்வு இருந்ததா, அதைக் கேட்காமல் தூக்கத்துக்குத் தாவ உங்களைத் தள்ளியது எது? மனநல மருத்துவர்களிடம் அடிக்கடி காணும் இன்னொன்று, அமர்வு இறுகும்போது மருந்தளவை மாற்றுவது. மாற்றம் மருத்துவரீதியாகச் சரியாகவே இருக்கலாம். ஆனாலும் எந்த நிமிடத்தில், எந்தப் பேச்சுக்கு நடுவில் அதைச் செய்தீர்கள் என்று நல்ல சூப்பர்வைசர் கேட்பார். பல இடங்களில் பயிற்சி நோயாளிக்கு மருந்து எழுதும் பொறுப்பை இன்னொரு மருத்துவரிடம் கொடுத்துவிடச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்படிப் பேச வேண்டுமென்றால் அமர்வுக் குறிப்பு ஒழுங்காக இருக்க வேண்டும். உள்ளே உட்கார்ந்து எழுதாதீர்கள். எழுதுகிற கை, கேட்கிற காதைக் கெடுக்கும். முடிந்த கையோடு, அடுத்த நோயாளியைப் பார்ப்பதற்கு முன் எழுதுங்கள். அதற்கு 30 முதல் 40 நிமிடம் பிடிக்கும். வந்த நேரம், முதல் வாக்கியம், வரிசை மாறாமல் பேச்சு, மௌனம் எங்கே விழுந்தது, எவ்வளவு நேரம் நீடித்தது, நீங்கள் பேசியவை அதே சொற்களில், ஓரத்தில் உங்களுக்குள் ஓடியவை: சலிப்பு, எரிச்சல், தூக்கம், சம்பந்தமில்லாமல் வந்த ஒரு நினைவு. மறந்த இடத்தில் 'இங்கே நினைவில்லை' என்று எழுதுங்கள், இட்டு நிரப்பாதீர்கள். மறந்துபோன இடம் பெரும்பாலும் முக்கியமான இடமாக இருக்கும். 'அம்மாவைப் பற்றிப் பேசினார், நான் அதை விளக்கினேன்' என்ற குறிப்பை வைத்து யாரும் எதுவும் செய்ய முடியாது. குறிப்பில் அடையாளங்களை மாற்றியிருக்க வேண்டும். நீங்கள் பயிற்சியில் இருப்பதும் சூப்பர்வைசரோடு கலந்து பேசுவதும் நோயாளிக்குத் தெரிந்திருக்க வேண்டும், அதற்கு அவர் சம்மதமும் வேண்டும்.

1955-இல் ஹெரால்ட் ஸர்ல்ஸ் என்ற அமெரிக்க உளப்பகுப்பாய்வாளர் ஒன்றைக் கவனித்து எழுதினார். நோயாளிக்கும் சிகிச்சையாளருக்கும் இடையே நடப்பது, சிகிச்சையாளருக்கும் சூப்பர்வைசருக்கும் இடையிலும் நடக்கத் தொடங்கிவிடுகிறது. எதைச் சொன்னாலும் 'ஆமாம், ஆனால்' என்று தட்டிவிடும் நோயாளியைப் பற்றிப் பேசுகிறவர், சூப்பர்வைசர் சொல்வதையெல்லாம் அதேபோலத் தட்டிவிடுவார், தனக்கே தெரியாமல். இது பின்னால் 'பேரலல் ப்ராசஸ்' (இணையாக நடப்பது) என்று பெயர் பெற்றது. கேஸ் ஷீட்டை வைத்து நடக்கும் விவாதத்தில் இது கண்ணில் படாது.

விளம்பரங்களில் 'சூப்பர்விஷன் உண்டு' என்றிருந்தால் கணக்குப் போட்டுப் பாருங்கள். நால்வர் குழு வாரம் ஒருமுறை கூடினால், வருடத்துக்கு 40 வாரம் என்று வைத்தாலும் உங்கள் முறை 10 தடவை வரும். நோயாளி வாரம் ஒருமுறை வருபவரானால் 40 அமர்வில் 10 கேட்கப்படுகின்றன. இது பரவாயில்லை. 12 பேர் குழு மாதம் ஒருமுறை, வருடத்துக்கு 10 கூட்டம் என்றால் இருவருக்கு முறையே வராது. நீண்ட உளப்பகுப்பாய்வுப் பயிற்சியில் வழக்கமான ஏற்பாடு, குறைந்தது இரண்டு நோயாளிகள், ஒவ்வொருவருக்கும் தனித்தனி சூப்பர்வைசர், வாரம் ஒரு மணி நேரம்.

இனி, நாமே ஏன் பகுப்பாய்வுக்குப் போக வேண்டும் என்பது. மாக்ஸ் ஐட்டிங்கோன், கார்ல் ஆப்ரகாம் முதலான உளப்பகுப்பாய்வாளர்கள் 1920-இல் பெர்லினில் ஒரு கிளினிக் தொடங்கினார்கள். இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ சிகிச்சை தரும் அந்த இடத்தில்தான் பயிற்சியின் மூன்று பகுதிகளும் ஒன்றுசேர்ந்தன: சொந்தப் பகுப்பாய்வு, மேற்பார்வையில் சிகிச்சை, பாட வகுப்பு. பயிற்சிக்கு வருபவர்களைப் பகுப்பாய்வு செய்வதற்காகவே ஹான்ஸ் ஸாக்ஸ் அங்கே அழைக்கப்பட்டார். நூறு வருடம் கழித்தும் அடிப்படை அதேதான்.

அறுவை சிகிச்சை நிபுணருக்குக் கத்தி வெளியே இருக்கிறது. இந்தச் சிகிச்சையில் நோயாளியைப் புரிந்துகொள்ளும் கருவி உங்கள் மனம். நோயாளி முன்னிலையில் சிகிச்சையாளருக்குள் எழும் உணர்ச்சி, அதாவது கவுன்டர் டிரான்ஸ்ஃபரன்ஸ், வெறும் இடையூறல்ல, நோயாளியின் மனத்தை அறிய உதவும் கருவி என்று 1950-இல் உளப்பகுப்பாய்வாளர் பவ்லா ஹைமன் வாதிட்டார். அதில் பெரிய ஆபத்தும் இருக்கிறது. எனக்குக் கோபம் வந்தால் அது நோயாளி என்னுள் எழுப்பியதா, என் வீட்டிலிருந்து நான் கொண்டுவந்ததா? இதைப் பிரித்தறியத் தெரியாதவர், தன் எரிச்சலையெல்லாம் நோயாளியின் கணக்கில் எழுதிவிட்டு அதற்கு விளக்கம் வேறு சொல்வார். இப்படி நடப்பதுண்டு, அதில் அடிபடுவது நோயாளிதான். அது தவிர, சாய்விருக்கையில் படுத்துக்கொண்டு பேசும்போது, பின்னால் உட்கார்ந்திருக்கும் பகுப்பாய்வாளரின் மௌனம் எப்படிக் கனக்கும், விடுப்பு அறிவிப்பு எப்படித் தைக்கும் என்பதை எந்த வகுப்பும் சொல்லித்தராது.

சொந்தப் பகுப்பாய்வுக்கு வாரம் எத்தனை தடவை போக வேண்டும் என்பதில் மரபுகள் வேறுபடுகின்றன. 1910-இல் தோன்றிய சர்வதேச உளப்பகுப்பாய்வுச் சங்கம் ஐட்டிங்கோன், பிரெஞ்சு, உருகுவே என்று மூன்று பயிற்சி முறைகளை ஏற்கிறது. ஐட்டிங்கோன் முறையில் வாரம் 4 அல்லது 5 அமர்வு என்றிருந்ததை 2017-இல் 3 முதல் 5 வரை என்று தளர்த்தினார்கள். பிரெஞ்சு முறையில் சொந்தப் பகுப்பாய்வு, பயிற்சியில் சேர்வதற்கு முன்பே நிறுவனத்துக்கு வெளியே நடக்கிறது. எனக்கு இதில் பிடித்தது அந்தப் பிரிவினைதான். ஒரு காலத்தில் பல இடங்களில், மாணவர் தேறத் தகுந்தவரா என்று அவருடைய பகுப்பாய்வாளரே குழுவிடம் அறிக்கை தந்தார். மதிப்பெண் போடுபவர் முன் எவர் மனத்தைத் திறப்பார்? மாணவர்கள் நல்ல பிள்ளையாக நடந்தார்கள், பகுப்பாய்வு வெறும் சடங்காகியது. இப்போது பெரும்பாலும் இது கைவிடப்பட்டுவிட்டது. இருந்தாலும் நீங்கள் சேரும் இடத்தில், பகுப்பாய்வாளர் உங்களைப் பற்றி எதையும் சொல்ல மாட்டார் என்பதை எழுத்தில் கேளுங்கள். உங்கள் பகுப்பாய்வாளரே சூப்பர்வைசராகவோ, வகுப்பெடுப்பவராகவோ, வேலையில் மேலதிகாரியாகவோ இருக்கக் கூடாது.

நேரத்தையும் செலவையும் முன்னமே எண்ணிப் பாருங்கள். சொந்தப் பகுப்பாய்வு வாரம் 4, வருடம் 40 வாரம், 4 வருடம் என்றால் 640 அமர்வு. வாரம் 3 என்றால் 480. இதன் கட்டணம் பெரும்பாலும் பாடக் கட்டணத்தில் சேராது, விளம்பரத்திலும் இருக்காது. மொத்தச் செலவில் பெரும்பங்கு இதுதான். வாரக் கணக்கு: சொந்தப் பகுப்பாய்வு மூன்றரை மணி, வாரம் 3 முறை வரும் ஒரு நோயாளிக்கு இரண்டரை, குறிப்பெழுத 2, சூப்பர்விஷன் 1, வகுப்பு 3, வாசிப்பு 3. போக்குவரத்து இல்லாமலே 15 மணி. இரண்டாவது நோயாளி வந்தால் இன்னும் ஐந்தரை மணி கூடும். முழுநேர ஓ.பி.யை வைத்துக்கொண்டு இதையும் செய்யலாம் என்று நினைப்பவர்கள் முதலில் குறிப்பெழுதுவதை விடுகிறார்கள், அடுத்து வாசிப்பை. கடைசியில் வருகைப் பதிவேடு மட்டும் மிஞ்சுகிறது.

இப்போதிருக்கும் நோயாளிகளைப் பயிற்சி நோயாளிகளாக மாற்றிக்கொள்ளாதீர்கள். மருந்து கொடுத்து, ஆலோசனை சொல்லி, தோளில் தட்டி அனுப்பிய டாக்டர் ஒருநாள் பேசாமல் உட்கார்ந்தால், அதை நோயாளி தண்டனையாக எடுத்துக்கொள்வார். புதியவராக எடுங்கள். முதல் நோயாளி தற்கொலை விளிம்பில் இருப்பவராகவோ, கடுமையான போதைப் பழக்கமோ சைக்கோசிஸோ (நிஜத்தோடு தொடர்பு அறும் மனநோய்) உள்ளவராகவோ இருக்க வேண்டாம். இரண்டு வருடமாவது குறித்த நேரத்தில் வர முடிகிறவர், தன்னைப் பற்றிக் கொஞ்சம் ஆர்வமுள்ளவர், உங்கள் நட்பு வட்டத்துக்குச் சம்பந்தமில்லாதவர் போதும். பயிற்சி நோயாளிகளுக்குக் கட்டணத்தைக் குறைப்பது வழக்கம். குறைத்ததற்காக நோயாளி நன்றிக்கடன் பட்டு, உங்கள்மேல் வரும் கோபத்தை அடக்கிக்கொள்கிறாரா என்று பாருங்கள்.

தேர்ச்சிக்கு ஒரு நோயாளியாவது ஒன்றரை, இரண்டு வருடம் நீடித்திருக்க வேண்டும் என்று பல நிறுவனங்கள் விதி வைத்திருக்கின்றன. ஐந்தாம் மாதம் அவர் வேலை மாற்றலாகிப் போகிறேன் என்றால் மாணவரின் கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். அந்தப் பதற்றத்தில் நிஜமான மாற்றலையே 'எதிர்ப்பு' (சிகிச்சைக்கு மனம் தன்னையறியாமல் போடும் தடை) என்று விளக்கி நோயாளியைப் பிடித்துவைக்கத் தோன்றும். நோயாளிக்கு இது தெரிந்துவிடும். சிகிச்சை யாருக்காக நடக்கிறது என்ற சந்தேகம் வந்தபின் அங்கே உண்மையான பேச்சு நடக்காது. இந்தப் பதற்றத்தை ஒளிக்காமல் சூப்பர்வைசரிடம் கொட்டுங்கள்.

குறுகிய பயிற்சிகளை நான் ஒதுக்கவில்லை. எல்லைக்கோட்டு ஆளுமைச் சிக்கல் (பார்டர்லைன், உணர்ச்சியும் உறவும் நிலையில்லாமல் தடுமாறும் நிலை) உள்ளவர்களுக்காக பேட்மனும் ஃபோனகியும் உருவாக்கிய மென்டலைசேஷன் சிகிச்சைக்கு (தன் மனத்திலும் பிறர் மனத்திலும் ஓடுவதை யோசிக்கப் பழக்குவது) 3 நாள் அடிப்படைப் பயிற்சி உண்டு. கெர்ன்பெர்க் குழுவினரின் டிரான்ஸ்ஃபரன்ஸ் மையச் சிகிச்சை (நோயாளி சிகிச்சையாளர்மீது கொள்ளும் உணர்ச்சிகளை மையமாக்குவது) வாரம் 2 அமர்வு, தொடக்கத்திலேயே தெளிவான ஒப்பந்தம் என்ற கட்டமைப்போடு கற்பிக்கப்படுகிறது. அங்கே குறிப்புக்குப் பதில் வீடியோப் பதிவையே சூப்பர்வைசர் பார்க்கிறார். மனச்சோர்வுக்கு 16 அமர்வில் முடியும் டைனமிக் இன்டர்பெர்சனல் தெரபியும் (உறவுச் சிக்கலை மையமாக்கும் குறுகிய சிகிச்சை) இருக்கிறது. ஏற்கெனவே நோயாளிகளைப் பார்ப்பவருக்கு இவை உடனே பயன்படும், பட்டறைக்குப் பின் சூப்பர்விஷன் தொடர்ந்தால். ஐந்து வருடம் முடியாது என்று தெரிந்தால் இவற்றில் ஒன்றை எடுங்கள். அதோடு ஒரு பாலின்ட் குழுவில் சேருங்கள். மைக்கேல் பாலின்ட் 1950-களில் லண்டனில் பொது மருத்துவர்களுக்காகத் தொடங்கிய முறை அது. ஒருவர் குறிப்பில்லாமல் தன்னை உறுத்தும் நோயாளியைப் பற்றிச் சொல்லிவிட்டு நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வார். மற்றவர்கள் பேச, அவர் கேட்டுக்கொண்டிருப்பார்.

நீண்ட பயிற்சியில் சிசு அவதானிப்பு இருந்தால் அதைத் தவிர்க்கப் பார்க்காதீர்கள். எஸ்தர் பிக் 1948-இல் லண்டனின் டாவிஸ்டாக் கிளினிக்கில் தொடங்கியது. பிறந்தது முதல் இரண்டு வயது வரை, வாரம் ஒரு மணி நேரம், ஒரு குழந்தையை அதன் வீட்டிலேயே பார்க்க வேண்டும். அறிவுரை கூடாது, குறிப்பெழுதக் கூடாது. திரும்பி வந்து எழுதி, சிறு குழுவில் வாசிக்க வேண்டும். குழந்தை வீறிட்டு அழும்போது எதுவும் செய்யாமல், அதேசமயம் மனத்தால் விலகிவிடாமல் உட்கார்ந்திருப்பது, உடனே ஏதாவது செய்தாக வேண்டும் என்று பழக்கப்பட்ட மருத்துவர்களுக்கு மிகக் கடினம். அதனாலேயே இது மருத்துவர்களுக்குத்தான் அதிகம் தேவை.

தோழிக்குத் தாராளமாக இடமுண்டு. மருத்துவரல்லாத தியோடர் ரைக்மீது சிகிச்சை செய்ததற்காகப் பிரச்சினை வந்தபோது, 1926-இல் உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய ஃப்ராய்டே அவர் பக்கம் நின்று எழுதினார். அமெரிக்காவில் மருத்துவரல்லாதவர்களுக்கு இடமுண்டா என்ற இந்தச் சர்ச்சை 1985-இல் உளவியலாளர்கள் வழக்குத் தொடுக்கும் வரை போய், 1988-இல் சமரசமாகி அவர்களுக்கும் வழி திறந்தது. ஆனால் பயிற்சிச் சான்றிதழும் தொழில் செய்யும் உரிமமும் வேறு வேறு. உரிம விதி நாட்டுக்கு நாடு மாறும், அவர் அதைத் தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நேர்முகத்துக்குப் போகும்போது நீங்களும் கேளுங்கள். சூப்பர்வைசரை மாற்றிக்கொள்ள வழி உண்டா? தேறவில்லை என்றால் காரணத்தை எழுத்தில் தருவார்களா, மேல்முறையீடு யாரிடம்? ஆசிரியர்மீது புகார் என்றால் அதை விசாரிப்பவர் நிறுவனத்துக்கு வெளியே இருப்பவரா? நான் பாதியில் விலகினால் என் நோயாளிகளை யார் ஏற்பார்கள்? இணைய வழி என்றால், நோயாளிக்கு நெருக்கடி வந்தால் அவர் இருக்கும் ஊரில் யாரைக் கூப்பிடுவது என்பதற்கு என்ன ஏற்பாடு? படித்துக்கொண்டிருப்பவரிடம் மட்டுமல்ல, விட்டுப்போனவரிடமும் பேசுங்கள்.

பல நிறுவனங்களில் ஒரு வருட அறிமுகப் பாடம் உண்டு, சொந்தப் பகுப்பாய்வு கட்டாயமில்லாமல். இருவரும் முதலில் அதில் சேர்ந்து, ஆளுக்கு ஒரு புதிய நோயாளியை வாரம் ஒருமுறை என்று எடுத்து, தனி சூப்பர்விஷனோடு ஒரு வருடம் பாருங்கள். ஐந்து வருடம் வேண்டுமா என்பதை அதன் பிறகு முடிவு செய்யலாம்.