பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பாருங்க

மகளுக்கு சீலியாக்னு, அதாவது கோதுமையில இருக்குற குளூட்டன்ங்கிற புரதம் குடலைக் கெடுக்குற நோய்னு தெரிஞ்சு ஆறு மாசமா வீட்டுல கோதுமையே இல்ல, ஆனாலும் வயித்துவலி நிக்கல, யார்கிட்ட கேக்குறதுன்னு எழுதியிருந்தீங்க. எனக்கே ஒன்பது வருஷமா இருக்கு, சிஸ்டர்.

முதல்ல பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பாருங்க. கூட்டுப் பெருங்காயத்துல பெரும்பாலும் மைதா கலந்திருக்கும். சாம்பார், ரசம், மோர்னு தினம் உள்ள போயிட்டே இருக்கும்; நான் ரெண்டு வருஷம் அப்படித்தான் ஏமாந்தேன். அடுத்தது மாவு மில். கோதுமை அரைச்ச கையோட நம்ம அரிசியைக் கொட்டுவாங்க, முதல்ல விழுற மாவே லேசா பழுப்பா இருக்கும். மிக்ஸியில அரைச்சுக்கோங்க. ஹோட்டல் தோசையும் வேண்டாம், அதே கல்லுலதான் ரவா தோசையும்.

பாக்கெட்ல ‘குளூட்டன் ஃப்ரீ’ன்னு போட்டா கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல குளூட்டன் இருக்கக் கூடாது, அது மத்திய அரசோட உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ விதி.

ஒரு வாரம் சாப்பிட்டதையெல்லாம் எழுதி எடுத்துட்டுப் போய் குடல் டாக்டரைப் பாருங்க, சீலியாக்குக்கு எடுக்குற டிடிஜி ரத்தப் பரிசோதனையைத் திரும்ப எடுக்கச் சொல்லிக் கேளுங்க. வலிக்கு வேற காரணமும் இருக்கலாம். கூடப் பிறந்தவங்க இருந்தா அவங்களுக்கும் எடுத்துடுங்க. டெல்லியில சீலியாக் சொசைட்டி ஆஃப் இந்தியா இருக்கு, அவங்களையும் கேளுங்க. வடக்கே ரொட்டிக்கு மாத்து தேடித் திண்டாடுறாங்க. நமக்கு இட்லி, இடியாப்பம், கேழ்வரகுன்னு பாதி வேலை முடிஞ்ச மாதிரி.

பெருங்காயம் என்ன ஆச்சுன்னு இங்கேயே எழுதுங்க.