கொரோனா வைரஸின் ஒமிக்ரான் வகை உண்மையிலேயே அதற்கு முந்தைய டெல்டா வகையை விட லேசானதா?

ஆமாம், ஆனால் பலர் நினைக்கிற அளவுக்கு இல்லை. டெல்டா, செல்லுக்குள் நுழைய நம் உடலின் டிஎம்பிஆர்எஸ்எஸ்2 என்ற நொதியை நன்றாகப் பயன்படுத்தியது, அந்த நொதி நுரையீரல் செல்களில் நிறைய இருப்பதால் நேராக ஆழத்தில் போய் உட்கார்ந்து மூச்சுத்திணறலில் கொண்டுபோய் விட்டது. ஒமிக்ரானுக்கு அந்த வழி அவ்வளவாக ஒத்துவரவில்லை. ஹாங்காங் பல்கலைக்கழக ஆய்வகத்தில் பார்த்தபோது, மூச்சுக்குழாய்த் திசுவில் அது டெல்டாவை விட 70 மடங்கு வேகமாகப் பெருகியது, நுரையீரல் திசுவிலோ முதன்முதலில் வந்த கொரோனா வைரஸ் பெருகியதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதனால்தான் தொண்டை வலி, சளி, வேகமான பரவல்.

சரி, இங்கேதான் கணக்கில் கோட்டை விடுகிறோம். ஒமிக்ரான் 2021 நவம்பரில் கண்டறியப்பட்டபோது ஏராளமானோர் தடுப்பூசி போட்டிருந்தார்கள், அல்லது ஒருமுறை தொற்று வந்து போயிருந்தது. அது லேசாகத் தெரிந்ததற்கு ஒரு பெரிய காரணம் வைரஸின் சாதுவான குணம் அல்ல, நம் எதிர்ப்புச் சக்திதான். 2022 தொடக்கத்தில் அதே ஹாங்காங்கில், தடுப்பூசி போடாத முதியவர்கள் ஆயிரக்கணக்கில் இறந்தார்கள். அதுவும் இதே 'லேசான' ஒமிக்ரான்தான்.

அப்புறம், வைரஸ் நாளாக நாளாகச் சாதுவாகிவிடும் என்பதும் விதி இல்லை. ஆல்ஃபா என்ற கொரோனா வகைக்குப் பின் வந்த டெல்டா அதைவிட மோசம்.