மதுரையில் வள்ளி திருமணம் நாடகம் எங்கே பார்க்கலாம்?

அரங்கில் தேடாதீர்கள், ஊர்த் திருவிழாவில் தேடுங்கள். 'டிக்கெட் தளங்கள் எல்லாம் பார்த்துவிட்டேன், மதுரையில் வள்ளி திருமணம் ஒன்றுகூட இல்லை' என்று கேட்டிருந்தீர்கள். சங்கரதாஸ் சுவாமிகளின் (1867–1922) அந்த நாடகம் இப்போது பெரும்பாலும் ஸ்பெஷல் நாடகமாக, அதாவது நிலையான குழு இல்லாமல் அந்த ஒரு இரவுக்காக நடிகர்களைச் சேர்த்துப் போடும் நாடகமாக, கோயில் பொட்டலில்தான் நடக்கிறது. செலவு ஊர்க்காரர்களுடையது, டிக்கெட்டே கிடையாது. அப்புறம் தளத்தில் எப்படி வரும்?

பங்குனி, சித்திரையில் மேலூர், திருமங்கலம் பக்கம் பஸ்ஸில் போகும்போது சுவரொட்டிகளைக் கவனியுங்கள். ராஜபார்ட் (நாயகன்), ஸ்திரீபார்ட் (நாயகி), நாரதர், பபூன் (கோமாளி) என்று வரிசையாகப் படம் போட்டிருக்கும். முதலில் நாரதர் யார், வள்ளி யார் என்று பாருங்கள். நடிகர்களைத் தனித்தனியாகப் பேசி அழைத்து வருவதால், அன்று மேடையில் சேரும் ஜோடியைப் பொறுத்துத்தான் நாரதருக்கும் வள்ளிக்கும் நடக்கும் தர்க்கம், அதாவது வாக்குவாதம், சூடுபிடிக்கும். ஒருவர் பாட்டிலேயே மடக்க, மற்றவர் அதே மெட்டில் திருப்பிக் கொடுப்பார்; ஆர்மோனியக்காரர் இருவருக்கும் ஈடுகொடுப்பார். அதற்காகவே தூக்கம் கெடலாம்.

ஒன்று மட்டும்: மழை வந்தாலோ ஊரில் துக்கம் விழுந்தாலோ தேதி தள்ளிப்போகும். கிளம்பும் அன்று விழாக் கமிட்டியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இரவு 10 மணிக்குமேல் ஆரம்பித்து விடியும்வரை போகும், போர்வை எடுத்துக்கொள்ளுங்கள்.