மட்டியில் மட்டும் ஏன் டீசல் வாடை? – கேள்வி பதில்

கடல் உயிர்களின் உடம்பில் எண்ணெய் சேர்வதைப் பற்றி நம் கடலூர், புதுச்சேரி உறுப்பினர்கள் கேட்டவற்றுக்கு, பரங்கிப்பேட்டையில் கடல் உயிரியல் படித்தவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

கடலூர் முதுநகர் அக்கா: தம்பி, உப்பனாற்று மட்டியை அவிச்சா சில நாள் டீசல் வாடை வருது. அதே ஆத்துல பிடிச்ச கொடுவாயில இல்லையே?

சரியாகக் கவனித்திருக்கிறீர்கள் அக்கா. மட்டி இடம் விட்டு ஓடாது. தண்ணீரை வடிகட்டியே சாப்பிடுவதால் எண்ணெய்த் துளியும் சேற்றில் ஒட்டிய ஹைட்ரோகார்பனும் (எண்ணெயில் இருக்கும் கார்பன்–ஹைட்ரஜன் சேர்மம்) உள்ளே போய்க் கொழுப்பில் தங்கிவிடும். மீனுக்குள்ளும் போகும்தான். ஆனால் மீனின் கல்லீரல் நொதிகள் அதை உடைத்துப் பித்தத்தில் தள்ளிவிடும். மட்டியிடம் அந்த நொதிகளின் வேலை மிகவும் குறைவு. அதனால்தான் ஆய்வில் மட்டி, சிப்பி என்றால் சதையையும், மீன் என்றால் பித்தத்தையும் பார்ப்பார்கள்.

வாடை வந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள், அவித்தாலும் முழுசாகப் போகாது. வாடை இல்லை என்பதற்காக நம்பிவிடவும் முடியாது. புற்றுநோய் உண்டாக்கும் பென்சோபைரீன் என்ற ஹைட்ரோகார்பன் மூக்குக்குத் தெரியாது. ஐரோப்பாவில் கிலோ மட்டிச் சதைக்கு 5 மைக்ரோகிராம்தான் அதற்கு வரம்பு.

புதுச்சேரி கல்லூரி மாணவி: பாதரசம் போல, பெரிய மீனுக்குப் போகப் போக இதுவும் கூடுமா சார்?

பொதுவாகக் கூடாதும்மா. ஒவ்வொரு மீனும் உடைத்து வெளியேற்றுவதால் மேலே போகப் போகக் குறையும். ஆனால் உடைக்கும்போது உருவாகும் சில துண்டுகள் மீனின் டிஎன்ஏவிலேயே ஒட்டிக்கொள்ளும். சதையில் எண்ணெய் இல்லை என்பதால் மீனுக்குப் பாதிப்பில்லை என்று ஆகிவிடாது.

அவரே: தண்ணீரில் மிதக்கும் குட்டி உயிர்களான பிளாங்க்டனுக்கு என்ன ஆகும்?

எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான். கோபிபாட் எனும் குட்டி உயிரிகள் எண்ணெய்த் துளியை இரை என்றே விழுங்கும். 1970-இல் கனடாவில் 'ஆரோ' எண்ணெய்க் கப்பல் உடைந்தபோது, அவற்றின் கழிவோடு எண்ணெய் கடலடிக்கு இறங்கியதைப் பார்த்தார்கள். இன்னொன்று, அவை கண்ணாடி மாதிரி உடம்புக்காரர்கள். உள்ளே சேர்ந்த சில ஹைட்ரோகார்பன்கள் மேல் வெயில் பட்டால் நஞ்சு பல மடங்காகும். இருட்டான ஆய்வகத்தில் பிழைப்பது நம் கடற்கரை வெயிலில் செத்துவிடலாம்.

ஆய்வு மாணவர்: என் மாதிரியில் ஹெப்டாடெகேன், பிரிஸ்டேன் என்ற ரெண்டு ஹைட்ரோகார்பன் வந்திருக்கு. எண்ணெய்க் கசிவா?

அவசரப்படாதீர்கள் தம்பி. முதலாவதைப் பாசிகளே தயாரிக்கும். பிரிஸ்டேனை, தின்ற பாசியின் பச்சையத்திலிருந்து கோபிபாட் உருவாக்கும். சுறாவின் ஈரலில் இருக்கும் ஸ்குவாலீனும் ஹைட்ரோகார்பன்தான். பைட்டேன் என்ற இன்னொரு ஹைட்ரோகார்பனும் சேர்ந்து வந்து, கருவி தரும் வரைபடத்தில் தனித்தனி முனைகளாகப் பிரியாத மேடு ஒன்றும் தெரிந்தால் பெட்ரோலியத்தைச் சந்தேகிக்கலாம்.

பைபர் படகுக்காரர்: பழைய எஞ்சின் ஆயிலைக் கொஞ்சம் ஆத்துல ஊத்தினா என்ன சார்?

வேண்டாம் அண்ணே. எஞ்சினில் ஓடிய ஆயிலில், புதியதைவிட பென்சோபைரீன் போன்ற நச்சு ஹைட்ரோகார்பன்கள் அதிகம். கேனில் பிடித்து, பழைய ஆயில் வாங்குபவரிடம் கொடுத்துவிடுங்கள். ஊற்றுவதை நிறுத்திவிட்டால், சுத்தமான தண்ணீர் வரும்போது மட்டி தன்னிடம் உள்ளதில் பெரும்பகுதியைச் சில வாரங்களில் வெளியே விட்டுவிடும். சேற்றில் இறங்கியதுதான் வருடக்கணக்கில் கிடக்கும்.