எந்த வடிவத்தில் சேமிக்கிறீர்கள்?

அன்புள்ள ஐயா,

எங்கள் அலுவலகக் கணினிகளை எல்லாம் மைக்ரோசாப்ட் ஆபீசிலிருந்து இலவச மென்பொருளான லிப்ரே ஆபீசுக்கு மாற்றினேன். நாங்கள் அனுப்பும் டாக்ஸ் (.docx, வேர்டின் வடிவம்) கோப்புகள் வாடிக்கையாளரின் வேர்டில் கலைந்து திறக்கின்றன, அட்டவணை அடுத்த பக்கத்துக்கு ஓடிவிடுகிறது. திட்டெல்லாம் எனக்கு. மெனுவும் பழைய பாணி என்கிறார்கள். இலவச மென்பொருள் மைக்ரோசாப்டோடு என்றாவது போட்டி போட முடியுமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

ஒரு அலுவலகத்தையே மாற்றிக் காட்டிவிட்டு அதற்குத் திட்டு வாங்குவது எவ்வளவு வலிக்கும் என்று தெரியும். தளரவேண்டாம். மெனுவை விடுங்கள், வேர்டில் இருப்பது போன்ற தாவல் பாணி லிப்ரே ஆபீசுக்கு உள்ளேயே இருக்கிறது, மாற்றிக்கொள்ளலாம். போட்டி போட முடியுமா என்றால், ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி இலவச மென்பொருளுக்கு மாறிப்போய் 2017இல் விண்டோசுக்கே திரும்ப முடிவெடுத்தது, அதே நாட்டின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநில அரசு 2024இல் சுமார் 30,000 கணினிகளை லிப்ரே ஆபீசுக்கு மாற்ற முடிவெடுத்தது. இரண்டும் நடக்கிறது.

ஆனால் ஒன்று கேட்கிறேன். மென்பொருளை மாற்றிய நீங்கள் ஏன் இன்னும் டாக்ஸிலேயே சேமிக்கிறீர்கள்? பூட்டை மாற்றிவிட்டுச் சாவியைப் பழைய ஆளிடமே விட்டுவைத்த மாதிரி இருக்கிறது இது!

எக்செல்லில் ஒரு கட்டத்தில் 60 என்று அடித்து, அதைத் தேதியாக மாற்றிப் பாருங்கள். 1900 பிப்ரவரி 29 என்று வரும். அப்படி ஒரு நாளே கிடையாது, 1900 லீப் வருடம் இல்லை. எக்செல்லுக்கு முந்தைய கணக்குத்தாள் மென்பொருளான லோட்டஸ் 1-2-3 அதை லீப் வருடமாகக் கணக்கிட்டது, அன்று சந்தை அதன் கையில் இருந்ததால், அந்தக் கோப்புகள் ஒத்துப்போகவேண்டும் என்று எக்செல்லும் அதே தவறைச் செய்தது. அப்புறம் 2006இல் மைக்ரோசாப்டின் கோப்பு வடிவம் ஆறாயிரம் பக்கத்துக்கு மேல் எக்மா என்ற தர அமைப்பின் தரமாக வெளிவந்தபோது அந்த இல்லாத நாளும் உள்ளே இருந்தது. சந்தையில் முதலில் நிற்பவனின் கோப்பு வடிவத்தில் போட்டியிட்டால் அவனுடைய பிழையையும் சேர்த்து நகலெடுக்கவேண்டும், அதிலும் ஒரு அட்டவணை நகர்ந்தால் பழி உங்கள் மேல்தான். உங்கள் எழுத்துரு வாடிக்கையாளர் கணினியில் இல்லாமல் வேர்டு வேறொன்றை எடுத்துப் போட்டு, எழுத்தின் அகலம் மாறி, வரி உடைந்திருக்கும். அதையெல்லாம் யார் பார்க்கிறார்கள்?

என் பழைய கையெழுத்துப்படிகள் சில, அவற்றை அடித்த மென்பொருளின் புதிய பதிப்பிலேயே திறக்கவில்லை. காசு கொடுத்து வாங்கியது, என் எழுத்து, எனக்கே கதவு சாத்தியிருந்தது. லிப்ரே ஆபீஸ்தான் திறந்து கொடுத்தது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஆகவே அலுவலகத்தின் மூலப்பிரதி எல்லாம் லிப்ரே ஆபீசின் திறந்த கோப்பு வடிவமான ஓடிஎஃப்பில் (ODF) இருக்கட்டும். 2006 முதல் சர்வதேச ஐஎஸ்ஓ தரம் அது, யாரும் படித்து அதற்கு மென்பொருள் எழுதலாம். வாடிக்கையாளர் படிக்க மட்டும் என்றால் பிடிஎஃப் அனுப்புங்கள், எழுத்துருவும் கூடவே போகும். அவர் திருத்தவேண்டும் என்றால் ஓடிடியையே (.odt, ஓடிஎஃப்பின் எழுத்துக் கோப்பு) அனுப்புங்கள், 2009ஆம் ஆண்டிலிருந்தே வேர்டு அதைத் திறக்கிறது. கொஞ்சம் கலையும்தான். கலைந்தால், ஏன் வேர்டு இதைச் சரியாகக் காட்டவில்லை என்று அவர் ஒருமுறையாவது கேட்கட்டும்.

அன்புடன்.