மலை தெரிகிற மனை

அன்புள்ள அண்ணாச்சி,

நான் தாம்பரத்தில் இருக்கிறேன். கம்ப்யூட்டர் வேலை, வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். அம்மாவுக்குச் சுரண்டை. சின்ன வயதில் ஆடி மாதம் அங்கிருந்து குற்றாலத்துக்குக் கூட்டிப்போவார்கள். இப்போது இலஞ்சிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் ஒரு மனை பார்த்திருக்கிறேன். அப்ரூவல் உள்ளது. எங்கே நின்றாலும் மலை தெரிகிறது. தென்காசி மாவட்டத் தலைநகரம் ஆனபிறகு வேகமாக வளர்கிறது என்கிறார்கள். அங்கேயே இருப்பவர் என்பதால் கேட்கிறேன்: வளர்ந்துவரும் ஒரு மலையூரில் வருடம் முழுக்க வாழ்வது எப்படி இருக்கும்? பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, இன்டர்நெட் வசதிகள் எப்படி? மனைவிக்குப் போரடித்துவிடுமோ என்றும் யோசனை. விலை ஏறுவதற்குள் முடிவு செய்ய வேண்டும்.

அன்புடன்,
க.

அன்புள்ள தம்பி,

இந்த மாதிரிக் கடிதங்களுக்குப் பெரும்பாலும் நான் பதில் எழுதுவதில்லை. உங்களுக்கு எழுதக் காரணம், 'எங்கே நின்றாலும் மலை தெரிகிறது' என்ற அந்த ஒரு வரி. அதே வரியைப் பெரிய எழுத்தில் போட்ட பலகை ஒன்று எங்கள் தெரு முனையில் புதிதாக முளைத்திருக்கிறது. காலையில் நடக்கப் போகும்போதெல்லாம் அதைப் பார்த்து முணுமுணுத்துக்கொண்டே போகிறேன். உங்கள் கடிதமும் வந்து சேர்ந்தது.

முதலில் சில்லறைக் கேள்விகள். பள்ளிக்கூடம் இருக்கிறது. இன்டர்நெட் இருக்கிறது. ஆஸ்பத்திரியும் இருக்கிறது, பெரிய சீக்கு என்றால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு பெரியாஸ்பத்திரிக்குப் போவோம், சாலை இப்போது அகலமாகிவிட்டது. சாலையோரத்து மரங்கள்தான் இல்லை. சென்னைக்கு ராத்திரி பொதிகை எக்ஸ்பிரஸ். மனைவிக்குப் போரடிக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதை என்னிடமா கேட்பது? மனை பார்க்க வந்தபோது அவரைக் கூட்டி வந்தீர்களா? கடிதத்தில் அப்படி ஒன்றும் காணோமே.

அப்புறம் இந்த மலையூர் விஷயம். தென்காசியோ குற்றாலமோ கடல் மட்டத்திலிருந்து 200 மீட்டர் உயரம்கூட இல்லை. ஊட்டி, கொடைக்கானலை மனதில் வைத்துக்கொண்டு பெட்டி கட்டாதீர்கள். சித்திரை, வைகாசியில் இங்கேயும் மின்விசிறிக்குக் கீழேதான் படுக்க வேண்டும். எங்களிடம் இருப்பது மலை இல்லை, மலையடி. மேற்கே ஆரியங்காவுக் கணவாய் திறந்து கிடப்பதால் ஆனி, ஆடியில் கேரளத்து மழையின் மிச்சம் காற்றோடு சாரலாக இந்தப் பக்கம் விழும். காசி விசுவநாதர் கோயில் கோபுர வாசலில் அப்போது போய் நில்லுங்கள். வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டுதான் உள்ளே நுழைய முடியும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு, அதை எந்தத் தரகரும் சொல்ல மாட்டார். மலையைப் பார்ப்பதற்காக மேற்கே பெரிய ஜன்னல் வைப்பீர்கள். சீசனில் காற்றும் சாரலும் நேராக அந்த ஜன்னலில்தான் அடிக்கும். மூடிவைக்க வேண்டியதுதான். மூடியும் ஒழுகும். துணி காயாது, உப்பு நீர்த்துப்போகும், முறுக்கு நமத்துப்போகும். துணிந்து திறந்தாலும் மலை இருக்காது, மேகம்தான் இருக்கும். மலை துல்லியமாகத் தெரிகிற நாட்களில் வெயில் மண்டையைப் பிளக்கும். இரண்டும் சேர்ந்து கிடைக்கிற நாட்கள் வருடத்தில் கொஞ்சம். எனக்கு அந்தக் கொஞ்சம் போதும், அதற்காகத்தான் இங்கே கிடக்கிறேன். உங்களுக்குப் போதுமா என்று யோசியுங்கள்.

சரி, மனைக்கு வருவோம். எங்கே நின்றாலும் மலை தெரிகிறது என்றால் என்ன அர்த்தம்? நடுவில் வீடும் மரமும் இல்லை என்று அர்த்தம். இந்தப் பக்கம் வீடும் மரமும் இல்லாத இடம் எது? வயல். தெருவில் இருப்பவனுக்கு எதிர்வீட்டு மொட்டைமாடிதான் தெரியும், வயலில் நிற்பவனுக்கு மலை தெரியும். அதனால் மலை ஆசையோடு வருகிற ஒவ்வொருவரும் நஞ்சையைத்தான் வாங்குகிறீர்கள். இரண்டு மூன்று வருடம் பயிர் வைக்காமல் தரிசாகப் போடுவார்கள். பிறகு லாரி லாரியாகச் சரள் மண் அடித்து மேடாக்கி, மஞ்சள் கல் நட்டு, வாசலில் ஒரு ஆர்ச். உங்களுக்கு மேற்கே இருக்கும் மனையை வாங்கப்போகிறவர் மாடி கட்ட மாட்டார் என்று எழுதியா கொடுத்திருக்கிறார்கள்? அவர் கட்டுகிற வரைக்கும்தான் உங்கள் மலை.

மலை மறைவது எனக்குப் பெரிய கவலை இல்லை. தண்ணீர்தான் கவலை.

எங்கள் சீமையில் நெல் இரண்டு போகம். ஆனியில் தொடங்கும் கார், ஐப்பசியில் தொடங்கும் பிசானம். தென்மேற்கு மழைக்கு ஒன்று, வடகிழக்கு மழைக்கு ஒன்று. செங்கோட்டைப் பக்கம் குண்டாறு அணை மொத்தமே 36 அடிதான். சாரல் நன்றாகப் பிடித்தால் அதுதான் முதலில் நிரம்பி வழியும். குற்றால மலையில் பிறக்கிற சிற்றாறு தென்காசி வழியாகக் கிழக்கே போய்ச் சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேர்கிறது. போகிற வழியெல்லாம் அணைக்கட்டு, வாய்க்கால், குளம். ஒரு குளம் நிறைந்து மறுகால் பாய்ந்தால் அது அடுத்த குளத்துக்கு வரத்து. குளத்துக்கும் குளத்துக்கும் நடுவே வயல், வயலுக்கும் வயலுக்கும் நடுவே, தண்ணீர் இறங்குவதற்கு வரப்பில் வெட்டிவிட்ட திறப்பான வாமடை.

இந்த வாமடையைத்தான் நான் சொல்லிச் சொல்லி மாய்கிறேன். அப்ரூவல் உள்ளது என்று நிம்மதியாக எழுதியிருக்கிறீர்கள். 2016-ல் உயர் நீதிமன்றம் அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பத்திரம் பதியக்கூடாது என்று தடை போட்டதிலிருந்து எல்லாரும் அந்தக் காகிதத்தைக் கேட்கக் கற்றுக்கொண்டார்கள், நல்ல விஷயம். ஆனால் காகிதம் எதைப் பார்க்கும்? வரைபடத்தில் வாய்க்கால், ஓடை என்று போட்டிருப்பதை விட்டுவைத்திருக்கிறார்களா என்று பார்க்கும். பட்டா நிலத்துக்குள்ளே வாமடை வழியாக வயலுக்கு வயல் தண்ணீர் இறங்கிப்போன தடம் எந்தப் பதிவேட்டிலும் கிடையாது. அது தண்ணீர் பாய்ச்சினவர்களின் தலைக்குள் இருந்தது. அவர்களும் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

எனக்குத் தெரிந்த ஒருவர், வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வயலை மேடாக்கிப் போட்ட இப்படி ஒரு மனைப்பிரிவில் வீடு கட்டினார். நல்ல மனிதர், நிறைய புத்தகம் படிப்பவர், காகிதம் அத்தனையும் சுத்தம். ஒரு கார்த்திகை மழையில் ராத்திரியோடு ராத்திரியாக ஹாலில் முழங்கால் தண்ணீர். பிரிட்ஜ் சாய்ந்து மிதந்தது. காலையில் போன் பண்ணினார், போனேன். எனக்கு முன்பே மம்பட்டியோடு ஒரு பெரியவர் அங்கே நின்றுகொண்டிருந்தார். அந்த வயக்காட்டுக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தவர். காம்பவுண்டைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு வந்து, "எந்தச் செவர ஒடைக்கணும்னு சொல்லுங்க" என்றார். நம்மவருக்குக் கோபம் வந்துவிட்டது. பட்டா இருக்கிறது, பிளான் அப்ரூவல் இருக்கிறது, இது என் இடம் என்று ஈரக் கைலியோடு நின்று கத்தினார்.

"பட்டா ஒங்ககிட்ட இருக்கட்டும் சார். தண்ணிய என்ன செய்யச் சொல்லுதிய?"

கிண்டலாகக் கேட்கவில்லை அவர். நிஜமாகவே பதிலுக்குக் காத்திருந்தார். மத்தியானம் ஜேசிபி வந்து கீழ்ப்புறச் சுவரை உடைத்தது, தண்ணீர் இறங்கியது. அடுத்த வீட்டுக்குள் போனது. அந்த வீட்டம்மாள் போட்ட சண்டையை இங்கே எழுத முடியாது.

மேலே மழை பெய்தால் நமக்குத் தெரிந்துவிடும் என்றும் நினைக்காதீர்கள். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் நல்ல கூட்டம், கோடைக்காலம், திடீரென்று வெள்ளம் வந்து 17 வயதுப் பையன் ஒருவனை அடித்துக்கொண்டு போய்விட்டது. காட்டுக்குள் பெய்த மழை அது. மலையடியில் இருக்கிறவனுக்கு மலை என்றால் இதுவும்தான், தம்பி. புகைப்படத்தில் வராது.

மலையிலேயே வாழ்ந்தவர்கள் கதை தெரிய வேண்டுமானால் மாஞ்சோலைக்காரர்களைக் கேளுங்கள். 1929-ல் சிங்கம்பட்டி ஜமீன் 99 வருடக் குத்தகைக்குப் பாம்பே பர்மா கம்பெனிக்குக் கொடுத்த காடு. தலைமுறை தலைமுறையாகத் தேயிலை பறித்தார்கள். 2028-ல் குத்தகை முடிகிறது, 2024-லேயே விருப்ப ஓய்வு என்று சொல்லி இறங்கச் சொல்லிவிட்டார்கள். அங்கே பிறந்தவர்கள் கீழே வாடகைக்கு வீடு தேடுகிறார்கள், கீழே பிறந்த நாம் மலை தெரிகிறதா என்று தரகரைக் கேட்கிறோம். இதற்குமேல் பேசினால் கோபம் வரும், விட்டுவிடுகிறேன்.

உங்களை வராதே என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? ஊர் வளரத்தான் செய்யும். கலெக்டர் ஆபீஸ் வந்தது, ஹோட்டல் வந்தது, என் பேரன் பேத்திக்கு இங்கேயே ஒரு வேலை கிடைத்தால் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் வயலில் வந்து உட்காராதீர்கள். ஊருக்குள் பழைய தெருக்களில் பூட்டிக் கிடக்கிற வீடுகள் எத்தனையோ இருக்கின்றன. பிள்ளைகள் சென்னையிலும் துபாயிலும் இருக்கிறார்கள், விற்கவும் மனம் இல்லை, வந்து இருக்கவும் முடியவில்லை. அதில் ஒன்றை வாங்கிக் கூரை ஓடுகளை மாற்றிப் போடுங்கள். மலை தெரியாதுதான். மொட்டைமாடி இருந்தால் ஏறிப் பாருங்கள், இல்லாவிட்டால் சைக்கிளை எடுத்துக்கொண்டு மேற்கே ஒரு மிதி மிதியுங்கள்.

அந்த மனையேதான் வேண்டும் என்றால் இப்போது அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். ஏறுகிற விலை ஏறட்டும். கிராம வரைபடம் ஒரு நகல் வாங்கி வைத்துக்கொண்டு, ஐப்பசியிலோ கார்த்திகையிலோ நல்ல மழை பெய்த மறுநாள் காலை வந்து சேருங்கள். ஸ்டேஷனில் இறங்கியதும் போன் பண்ணுங்கள். நடந்தே போய்ப் பார்ப்போம், செருப்பு சேற்றில் போகும், பழசைப் போட்டு வாருங்கள். மனைவியையும் கூட்டி வாருங்கள். அம்மாவுக்கு நடக்க முடியும் என்றால் அவர்களும் வரட்டும், சுரண்டைக்காரர்களுக்கு வயலைப் பார்த்ததும் தெரிந்துவிடும். தரகர் வேண்டாம்.